கல்லூரி நூலகமும் மாற்றுத்திறனாளி மாணவர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரி நூலகம் ஒன்றில் பணியாற்றும் என்னிடம் மாணவர்களும் பெற்றோர்களும் பேராசிரியர்களும் பிற கல்லூரி நூலகர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட ஐயங்களை, கூடுமானவரை அவர்கள் கேட்ட சொற்களிலேயே தொகுத்திருக்கிறேன். சட்டம் பற்றிய செய்திகள் இந்தியா முழுமைக்கும் உரியவை. நடைமுறை பற்றியவை தமிழ்நாட்டுக் கல்லூரிகளை மனத்தில் கொண்டு எழுதியவை.

மாற்றுத்திறனாளி மாணவர் என்றால் பார்வையற்றவரும் சக்கர நாற்காலியில் வருபவரும்தானே?

அவர்கள் மட்டும் அல்லர். 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை மட்டுமே கணக்கில் கொண்டது. அதற்குப் பதிலாக வந்து, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கும் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016, இருபத்தொரு வகைகளைப் பட்டியலிடுகிறது. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தசைச்சிதைவு, ஹீமோபிலியா, தலசீமியா ஆகியவை அப்போது புதிதாக இடம்பெற்றவற்றுள் சில.

நூலகத்தில் இருக்கும் எங்களுக்கு மருத்துவப் பெயரைவிட முக்கியமானது ஒன்று உண்டு: இந்த மாணவருக்கும் இந்த நூலுக்கும் இடையில் தடையாக நிற்பது எது என்பது. பார்வையற்றவருக்கு அச்செழுத்தே தடை. டிஸ்லெக்சியா என்ற கற்றல் குறைபாடு உள்ளவருக்குக் கண் நன்றாகத் தெரிந்தும் அச்செழுத்தே தடை. தசைச்சிதைவு உள்ளவருக்கு எழுநூறு பக்க நூலைத் தூக்கிப் பிடிப்பதும் பக்கத்தைப் புரட்டுவதும் தடை. மூவருக்கும் ஒரே மின்னூல் வழியைத் திறந்துவிடக்கூடும் என்பதால், வகை பிரித்துக்கொண்டு நிற்பதைவிடத் தடையைக் கேட்டறிவது விரைவில் பலன் தரும்.

என் குறைபாடு 40 சதவீதம் இல்லை. அடையாள அட்டையும் கிடைக்கவில்லை. எனக்கு நூலகத்தில் எதுவும் கேட்க உரிமை உண்டா?

உண்டு. 40 சதவீதம் என்பது உயர்கல்வியில் ஐந்து சதவீத இடஒதுக்கீடு, அரசுப் பணி ஒதுக்கீடு போன்ற சில பயன்களுக்கான வரம்பு. கல்வி நிறுவனம் ஒவ்வொரு மாணவரின் தேவைக்கும் ஏற்ப நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்று சட்டத்தின் 16ஆம் பிரிவு சொல்லும் கடமைக்கு அந்த வரம்பு கிடையாது. 2021 பிப்ரவரியில் விகாஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. எழுதும்போது கை இறுகிப்போகும் நிலையில் இருந்த அந்தத் தேர்வருக்கு, 40 சதவீதச் சான்று இல்லை என்பதைக் காட்டி, அவர் சொல்லச் சொல்ல விடையை எழுதித் தரும் எழுத்தரை மறுக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

எங்கள் நூலகத்தில் உறுப்பினர் படிவத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கிறோம்: "நூலகத்தைப் பயன்படுத்துவதில் உங்களுக்கு ஏதேனும் ஏற்பாடு தேவையா?" சான்று கேட்பதில்லை. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரைக்கோ கூடுதல் இரவல் நாட்களுக்கோ பொய் சொல்லி வந்தவர் எவரையும் நான் இதுவரை பார்த்ததில்லை. கேட்கத் தயங்கி மூன்று ஆண்டுகளையும் ஓட்டிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கல்லூரியில் அப்படி ஒரு மாணவரும் இல்லையே, யாருக்காகச் செலவு செய்வது?

படிகளும் பூட்டிய கதவும் இருக்கும் இடத்தில் அவர்கள் கண்ணில் படாததற்கு அந்தப் படிகளே காரணமாக இருக்கலாம். சேர்க்கைக்கு முன்பே பெற்றோர் வந்து கட்டடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லாமல் திரும்பிப் போவது நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்கள் இப்போதும் உங்கள் வாசகர் வரிசையில் இருக்கிறார்கள்.

இது விருப்பத்தைப் பொறுத்ததும் அன்று. ஏற்கெனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்ற வேண்டும் என்று சட்டம் விதித்தது; விதிகள் 2017 ஜூனில் வெளியானதால் அந்த அவகாசம் 2022இலேயே முடிந்துவிட்டது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம், பரிந்துரைகளாக மட்டும் இருந்த அணுகல் தரங்கள் போதா என்று கூறி, கட்டாயத் தரங்களை வகுக்க மத்திய அரசுக்கு மூன்று மாத அவகாசம் கொடுத்தது.

வாசலில் சாய்தளம் கட்டிவிட்டோம். அது போதாதா?

சாய்தளம் எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஓர் அடி உயர்வதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் அளவு. பதினைந்து சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளுக்கு மாற்றாக அமைக்கும் சாய்தளம் ஐந்து மீட்டருக்கு மேல் நீள வேண்டும் என்பது இதன் பொருள். இடமில்லை என்று இரண்டு மீட்டரில் முடித்துவிட்ட சாய்தளங்களைப் பல இடங்களில் பார்க்கிறோம். அவற்றில் மோட்டார் சைக்கிள் ஏறும், தன் கையால் சக்கரத்தைத் தள்ளி வரும் மாணவி ஏற முடியாது.

நான் பார்க்கச் சென்ற ஒரு நூலகத்தில் சாய்தளத்தின் சரிவு சரியாகவே இருந்தது. ஆனால் அதன் முடிவில் இருந்த கம்பிக் கதவு பூட்டப்பட்டிருந்தது. சாவி காவலாளியிடம், காவலாளி பிரதான வாயிலில். ஒரு மாணவி கீழே நின்று தோழியை அனுப்பிச் சாவி வாங்கி வரச் செய்து உள்ளே நுழைய இருபத்தைந்து நிமிடங்கள் ஆயின. அன்று அவருக்கு இருந்த இடைவேளை நாற்பது நிமிடங்கள். சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக இருந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வகுத்த ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்க வேண்டும் என்பது. இந்தத் தொகுப்பில் நான் சொல்லும் பெரும்பாலானவற்றுக்கு அந்த விதிதான் அடிப்படை. மாற்றுத்திறனாளி மாணவரிடமிருந்து நூலகங்கள் அதிகமாக எடுத்துக்கொள்வது அவருடைய நேரத்தை.

உள்ளே வந்த பிறகும் பார்க்க வேண்டியவை உண்டு. கதவு 90 சென்டிமீட்டராவது திறக்க வேண்டும்; சக்கர நாற்காலி ஒரு முழுச் சுற்றுத் திரும்ப ஒன்றரை மீட்டர் விட்டமுள்ள வெற்றிடம் வேண்டும்; மேசையின் கீழே முழங்கால் நுழைய இடம் வேண்டும். நூலடுக்குகளுக்கு இடைப்பட்ட வழியில், திரும்பி வந்த நூல்களைத் தற்காலிகமாக அடுக்கி வைக்கும் பழக்கத்தை விட வேண்டும். பார்வையற்றவரின் வெண்கோல் முதலில் மோதுவது அங்கேதான். மேல்தட்டு எட்டாது என்பதற்காக எல்லா அடுக்குகளையும் மாற்ற வேண்டியதில்லை, எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால் போதும். கழிப்பறை மட்டும் ஆளை வைத்துத் தீர்க்கக்கூடியது அன்று.

பார்வையற்ற மாணவர் கணினியில் எப்படிப் படிப்பார்? அதற்குத் தனிக் கணினி வாங்க வேண்டுமா?

வேண்டியதில்லை. என்விடிஏ என்ற திரைவாசிப்பான் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸ் உள்ள எந்தக் கணினியிலும் சில நிமிடங்களில் நிறுவிவிடலாம். திரையில் உள்ள எழுத்தைப் பேச்சாக மாற்றித் தருவது அதன் வேலை. தமிழ்க் குரலும் அதில் உண்டு. ஜாஸ் என்ற மென்பொருள் விலை கொடுத்து வாங்க வேண்டியது. ஆண்ட்ராய்டு கைபேசியில் டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர் ஆகியவை ஏற்கெனவே உள்ளன. நல்ல ஹெட்போன் ஒன்றும், எப்போதும் இணைப்பில் இருக்கும் கணினி ஒன்றும் இருந்தால் தொடக்கத்துக்குப் போதும்.

பழகிய மாணவர் ஒருவர் கேட்பதைப் பக்கத்தில் இருந்து கவனித்தால், பேச்சு நமக்குப் பிடிபடாத வேகத்தில் ஓடும். அவர் சுட்டியைத் தொடுவதே இல்லை; ஒரு விசையை அழுத்தித் தலைப்புகளுக்கு இடையே தாவுகிறார், அம்புக்குறி விசையால் ஒவ்வொரு வரியாக இறங்குகிறார், ஐயம் வந்த சொல்லில் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்கிறார். ஆகவே நீங்கள் கொடுக்கும் கோப்பில் தலைப்பு தலைப்பாகவே குறிக்கப்பட்டிருக்க வேண்டும். எழுத்தைத் தடித்ததாக மாற்றியிருப்பதைத் திரைவாசிப்பான் தலைப்பாகக் கொள்ளாது.

பிடிஎஃப் கொடுத்தேன். திரைவாசிப்பான் எதையும் படிக்கவில்லை என்கிறார். ஏன்?

பேராசிரியர்களிடமிருந்து மிகுதியாக வரும் கேள்வி இது. இதற்குக் காரணம் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். முதலாவது, அந்தப் பிடிஎஃப் பக்கங்களின் புகைப்படமாக இருப்பது. நம் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிவது கணினிக்கு வெறும் படம். சுட்டியால் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுக்க முயன்று பாருங்கள். தேர்வாகவில்லை என்றால் அது படம். அதை எழுத்துணரி (ஓசிஆர்) என்ற மென்பொருள் மூலம் எழுத்தாக மாற்ற வேண்டும். கூகுள் டிரைவில் அந்தக் கோப்பை ஏற்றி, கூகுள் டாக்ஸ் வழியாகத் திறந்தால் தமிழையும் அது எழுத்தாக்கித் தரும். டெசராக்ட் என்ற கட்டற்ற மென்பொருளும் உள்ளது. வளைந்த பக்கம், மங்கிய அச்சு, இரண்டு பத்தியாகப் பிரிந்த பக்கம் ஆகியவற்றில் பிழைகள் மலியும் என்பதால் யாராவது ஒருவர் மெய்ப்புப் பார்க்க வேண்டும். அட்டவணைகளையும் சமன்பாடுகளையும் கையாலேயே திருத்த வேண்டியிருக்கும்.

இரண்டாவது காரணம் தமிழுக்கே உரிய தொல்லை: பழைய எழுத்துருக்கள். பாமினி போன்ற எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பில் தமிழ் எழுத்து உண்மையில் சேமிக்கப்படுவதில்லை. ஆங்கில எழுத்துகளே சேமிக்கப்பட்டு, மேலே தமிழ் வடிவம் போர்த்தப்பட்டிருக்கும். எங்கள் மாணவர் ஒருவர் வினாத்தொகுப்பு ஒன்றைத் திறந்து, "அம்மா" என்று இருந்த இடத்தில் அம்புக்குறியை ஒவ்வொன்றாக நகர்த்தியபோது அவர் காதில் விழுந்தது "எம், கே, செமிகோலன், கே, ஹெச்". அறுபது பக்கங்களும் அப்படியே இருந்தன. மறுநாள் தேர்வு. இப்படிப்பட்ட கோப்புகளை, தமிழ் எழுத்தைத் தமிழ் எழுத்தாகவே சேமிக்கும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றும் எழுத்துருமாற்றிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. புதிதாகத் தட்டச்சு செய்பவர்கள் ஒருங்குறியில் மட்டுமே செய்யுங்கள்; இதற்குச் செலவும் இல்லை, கூடுதல் உழைப்பும் இல்லை.

பிரெய்ல் நூல்களை வாங்கி வைத்தால் இந்தச் சிக்கல் எல்லாம் தீருமே?

பிரெய்லின் இடத்தை ஒலி நிரப்ப முடியாது; எழுத்துக்கூட்டல், கணிதம், கவிதையின் வரி அமைப்பு ஆகியவை விரல் நுனியில்தான் தெளிவாகப் பிடிபடும். தமிழ் உள்ளிட்ட இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்ல் 1951 முதல் வழக்கில் உள்ளது. ஆறு புள்ளிகளில் எழுத்தை அடக்க வேண்டும், தாளும் தடிமனானது என்பதால் ஒரு பாடநூல் பல தொகுதிகளாகப் பெருகிவிடும். பல்கலைக்கழகப் பாடத்திட்டம் மாறினால் அத்தனையும் பழையதாகும். பார்வை இழந்தவர்கள் எல்லாரும் பிரெய்ல் கற்றவர்கள் அல்லர், பிற்காலத்தில் பார்வை இழந்த பலருக்கு அது தெரியாது. எனவே வாங்குவதற்கு முன் உங்கள் மாணவரிடம் கேளுங்கள். சரியான மின்கோப்பு ஒன்று கையில் இருந்தால் அதிலிருந்து பிரெய்ல் அச்சும் எடுக்கலாம், ஒலியாகவும் கேட்கலாம், பெரிய எழுத்திலும் அச்சிடலாம்.

நூலை ஸ்கேன் செய்து கொடுத்தால் பதிப்பகத்தார் வழக்குத் தொடுக்க மாட்டார்களா?

இந்த அச்சத்தாலேயே பல நூலகங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கின்றன என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது 52ஆம் பிரிவில் ஒரு விலக்கு சேர்க்கப்பட்டது. வழக்கமான வடிவத்தில் ஒரு நூலைப் பயன்படுத்த முடியாத மாற்றுத்திறனாளிக்காக, அவரால் பயன்படுத்தக்கூடிய வடிவத்தில் அதைப் படியெடுப்பது பதிப்புரிமை மீறல் ஆகாது. தனி நபரும் செய்யலாம், அமைப்பும் செய்யலாம். அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனமும் நூலகமும் அந்த அமைப்புகளுக்குள் அடங்கும் என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. பதிப்பகத்தாரிடம் முன் அனுமதி பெற வேண்டியதில்லை.

நிபந்தனைகள் உண்டு. லாபம் பார்க்கக் கூடாது. தயாரிப்புச் செலவை மட்டும் பெறலாம். அந்தப் படி மாற்றுத்திறனாளிகளின் கையில் மட்டும் இருப்பதை உறுதி செய்து, சாதாரண விற்பனைக்குள் நுழையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நாங்கள் கோப்பின் முதல் பக்கத்தில் அது யாருக்காக, எந்தப் பிரிவின்கீழ் உருவாக்கப்பட்டது என்று எழுதி, ஒரு பதிவேட்டிலும் குறித்து வைக்கிறோம்.

அந்தக் கோப்பை வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டால் எல்லாருக்கும் உதவுமே?

கூடாது. மேலே சொன்ன விலக்கு அச்சு நூலைப் படிக்க முடியாத மாணவருக்கானது. அச்சு நூலை எடுத்துப் படிக்கக்கூடியவருக்கு அது பொருந்தாது. ஆனால் அதே தேவையுள்ள வேறொரு மாற்றுத்திறனாளி மாணவருக்குப் படிப்பதற்காகப் பகிரலாம். அதைச் சட்டமே அனுமதிக்கிறது.

தமிழ் நூல்கள் படிக்கத்தக்க வடிவில் எங்கே கிடைக்கும்?

2016 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்தில், அச்சு நூலைப் படிக்க இயலாதவர்கள் பதிவு செய்துகொண்டு பல இந்திய மொழி நூல்களைப் பெறலாம். ஆங்கில நூல்களுக்கு இதேபோன்ற இணைய நூலகமான புக்‌ஷேர் உதவும். பார்வையற்றோருக்கான நூல்களை நாடுகளுக்கு இடையே பரிமாறிக்கொள்ள வழிசெய்யும் மராக்கேஷ் உடன்படிக்கை 2013இல் உருவானது. அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, 2014 ஜூனில். பழந்தமிழ் இலக்கியங்களுக்கு 1998 பொங்கலன்று தொடங்கிய, தமிழ் நூல்களை மின்வடிவில் இணையத்தில் தரும் மதுரைத் திட்டத்தையே முதலில் சொல்வேன். அங்குள்ள ஒருங்குறிப் பாடங்களைத் திரைவாசிப்பான் தடையின்றிப் படிக்கும். தமிழ் விக்கிமூலத்தையும் பாருங்கள். பழைய நூல்களின் பெரும் மின்தொகுப்புகள் பலவும் பக்கப் படங்களாகவே இருப்பதால், முன்னே சொன்ன எழுத்துணரி வேலையை அவற்றுக்குச் செய்ய வேண்டியிருக்கும்.

நேரில் செல்லக்கூடியவர்களுக்குச் சென்னை கோட்டூர்புரத்தில் உள்ள அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் தரைத்தளத்தில் பிரெய்ல் பிரிவு உள்ளது.

நண்பன் பக்கத்தில் அமர்ந்து வாசித்துக் காட்டினால் "சத்தம் போடாதே" என்று வெளியே அனுப்பிவிடுகிறார்கள். என்ன செய்வது?

வாசித்துக் காட்டுபவரின் குரல் உங்களுக்குப் படிப்பு. அதை இரைச்சலாகக் கருதுவது தவறு. நூலகத்தின் மூலையில் ஓர் அறையையோ, கலந்துரையாடல் அறையில் குறிப்பிட்ட மணி நேரத்தையோ ஒதுக்கித் தருமாறு எழுத்துமூலம் கேளுங்கள். கல்லூரிக்கு வெளியிலிருந்து வரும் வாசிப்பாளருக்கும் நுழைவு அனுமதி கேளுங்கள். உங்கள் பெயரில் எடுத்த நூலைத்தான் அவர் வாசிக்கிறார், தனியாக உறுப்பினர் கட்டணம் கேட்பதில் நியாயம் இல்லை.

காது கேளாத மாணவர் கண்ணால் படிப்பவர்தானே, நூலகத்தில் அவருக்கு என்ன சிரமம்?

பிறவியிலேயே காது கேளாத பலருக்கு முதல் மொழி சைகை மொழி. எழுத்துத் தமிழ் அவர்கள் பின்னர் கற்ற இரண்டாம் மொழி. நீண்ட வாக்கியங்கள் நிறைந்த பாடநூல் அவர்களுக்கு நாம் நினைப்பதுபோல் எளிதன்று. படங்கள் நிறைந்த நூல்கள், பேச்சு எழுத்தாகக் கீழே ஓடும் காணொளிகள், கலைச்சொற்களுக்கான சைகை அகராதி ஆகியவை உதவும். பாடநூல்களை இந்திய சைகை மொழிக்கு மாற்ற, பள்ளிப் பாடநூல்களை வெளியிடும் தேசிய நிறுவனமான என்சிஇஆர்டியும் இந்திய சைகை மொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையமும் 2020 அக்டோபரில் ஒப்பந்தம் செய்துகொண்டன.

இரவல் மேசையில் இருப்பவர் கணினித் திரையைப் பார்த்துக்கொண்டே பேசாமல் மாணவரின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ஒரு தாளும் பேனாவும் மேசை மேல் எப்போதும் இருக்க வேண்டும். "இன்னும் பத்து நிமிடத்தில் நூலகம் மூடப்படும்" என்று குரலில் மட்டும் அறிவித்துவிட்டு விளக்கை அணைப்பது பல இடங்களில் நடக்கிறது. விளக்கை ஒருமுறை அணைத்து எரியவிட்டால் அவருக்கும் சேர்த்து அறிவித்ததாகும்.

ஒருவருக்கு மட்டும் முப்பது நாள் இரவல், மற்றவர்களுக்குப் பதினான்கு நாள். இது மற்ற மாணவர்களுக்கு அநீதி இல்லையா?

பதினான்கு நாட்கள் என்பது அச்சு நூலை எடுத்த மாலையே படிக்கத் தொடங்கக்கூடியவரை வைத்து வகுத்த கணக்கு. நூலைப் பெற்று, ஸ்கேன் செய்து, எழுத்தாக மாற்றி, மெய்ப்புப் பார்த்த பிறகே படிக்கத் தொடங்கும் மாணவருக்கு அந்தப் பதினான்கு நாட்களும் படிப்பதற்கு முன்னாலேயே கரைந்துவிடும். ஒரே பிரதிதான் இருக்கிறது, பத்து பேர் காத்திருக்கிறார்கள் என்றால் மட்டும் இது உண்மையிலேயே சிக்கலான நிலை. அப்போது நாங்கள் நூலை முதலில் ஸ்கேன் செய்துகொண்டு, கோப்பை அந்த மாணவருக்கும் அச்சுப் பிரதியை மற்றவர்களுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

உதவி செய்யப் போனால் கோபித்துக்கொள்கிறார்கள். எப்படித்தான் நடந்துகொள்வது?

கேட்டுவிட்டுச் செய்யுங்கள். பார்வையற்றவரின் கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பற்றிக்கொள்ளுமாறு கொடுங்கள். சக்கர நாற்காலியைச் சொல்லாமல் தள்ளாதீர்கள். உடன் வந்தவரிடம் "இவருக்கு என்ன வேண்டும்?" என்று கேட்காமல் மாணவரிடமே கேளுங்கள். வருகைப் பதிவேட்டில் கையெழுத்திடத் தெரிந்த பார்வையற்ற பட்டதாரி மாணவரிடம் மைப்பெட்டியை நீட்டிக் கைரேகை கேட்டதை நான் கண்டிருக்கிறேன். கையெழுத்திட வேண்டிய கோட்டின் மேல் ஓர் அளவுகோலை வைத்துக் காட்டியிருந்தால் போதும்.

பலமுறை கேட்டும் நூலகத்தில் எதுவும் செய்து தரவில்லை. எங்கே முறையிடுவது?

முதலில் வாய்மொழியாகக் கேட்டதை எழுத்தாக மாற்றுங்கள். எந்த நூல், எந்த வடிவில், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்று குறிப்பிட்டு நூலகருக்கும் முதல்வருக்கும் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள். "எனக்கு வசதி இல்லை" என்று பொதுவாக எழுதிய கடிதத்துக்குப் பொதுவான பதிலே வரும். கல்லூரியில் சம வாய்ப்பு மையம் இருந்தால் அதற்கும் ஒரு நகல் கொடுங்கள். அரசு நிறுவனம் என்றால் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி குறைதீர் அலுவலர் ஒருவர் நியமிக்கப்பட்டிருக்க வேண்டும். அவர் யார் என்று கேளுங்கள்.

அங்கும் தீரவில்லை என்றால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் முறையிடலாம். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை; தேதி வாரியாக அடுக்கிய உங்கள் கடித நகல்களே போதுமான ஆதாரம். பருவம் தொடங்கிய முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தை எடுத்துக்கொண்டு முதல் கடிதத்தைக் கொடுத்துவிடுங்கள். ஐந்து தாள்களுக்கான நூல்களை மெய்ப்புப் பார்த்துக் கொடுக்க எங்களைப் போன்ற ஒரு சிறு நூலகத்துக்கு ஆறு வாரங்கள் ஆகின்றன.